ஆறு மணிக்குச் சாப்பாடு மேஜைக்கு வர வேண்டுமாம்

கடிதச் சுருக்கம் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன)

ஒஹாயோ மாநிலத்திலிருந்து எழுதும் இந்த வாசகிக்கு 41 வயது. 2013-ல் கல்யாணமாகிப் போனவர். 2018 முதல் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னாலஜிஸ்ட் வேலை. வாரத்தில் மூன்று நாள் மதியம் 2 மணிக்கு ஷிஃப்ட். வீடு திரும்ப இரவு 11 ஆகிவிடும். மகளுக்கு 11, மகனுக்கு 8. கணவர் எட்டு வயதில் பெற்றோரோடு அமெரிக்கா போய் அங்கேயே வளர்ந்தவர். சின்ன வயதில் மறுஒளிபரப்பில் பார்த்த பழைய குடும்ப சிட்காம்களை, முக்கியமாக ‘லீவ் இட் டு பீவர்’ தொடரை, இப்போது ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிறார். முடிந்ததும் பேச்சு தொடங்கும்: “அந்தக் காலத்தில் ஒரு சம்பளம் போதும். அம்மா வீட்டில் இருப்பாள். ஆறு மணிக்கு எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். எந்தச் சண்டையும் படுக்கப் போவதற்குள் தீர்ந்துவிடும்.” கடைசியில் ‘நீ வேலையை விட்டுவிடு’ என்பதில் வந்து நிற்கும். மகளும் ஒருநாள், “நாம ஏன் அவங்க மாதிரி பேசிக்கிறதில்ல?” என்று கேட்டுவிட்டாள்.

வாசகியின் கேள்விகள் மூன்று. அந்தக் குடும்பங்கள் நிஜத்தில் இருந்தனவா, இல்லை எல்லாமே பொய்யா? சண்டை வந்தால் இரண்டு மூன்று நாள் பேசாமல் இருக்கும் எங்கள் வீடு கெட்டுப்போன வீடா? நான் வேலையை விடலாமா? ‘வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது, எனக்கென்று எதுவும் இல்லை’ என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்.

சகோதரிக்கு,

டிவி தொடரைப் பற்றிக் கேட்பது சில்லறைத்தனமாகத் தோன்றலாம் என்று முதல் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். தயக்கமே வேண்டாம். உங்கள் சம்பளத்தை விடச் சொல்வதற்கு அந்தத் தொடர்தான் ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஆதாரம் என்று ஒன்றை மேஜையில் வைத்துவிட்டால் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

க்ளீவர் குடும்பத்தின் இளைய மகன் பீவரைச் சுற்றி நடக்கும் ‘லீவ் இட் டு பீவர்’ 1957 அக்டோபர் 4 அன்று தொடங்கியது. ஆறு சீசன், சீசனுக்கு 39 வீதம் 234 பகுதிகள். அம்மா ஜூன் க்ளீவராக நடித்த பார்பரா பில்லிங்ஸ்லி, கழுத்தில் முத்துமாலையும் காலில் ஹீல்ஸுமாகவே வீட்டு வேலை செய்வார். உங்கள் கணவர் அதை அந்தக் காலத்துப் பெண்களின் நேர்த்தி என்கிறாராம். கழுத்துக்குழியில் விழும் நிழல் கேமராவில் தெரியாமலிருக்க முத்துமாலை; மகன்களாக நடித்த பையன்கள் மளமளவென்று வளர்ந்துவிட்டதால் அவர்களைவிடக் குள்ளமாகத் தெரியாமலிருக்க ஹீல்ஸ். அந்த நடிகையே பின்னாளில் சொன்ன விளக்கம் இது. நிஜத்தில் அவரும் உங்களைப் போலவே இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்குப் போன தாய்தான். அந்த வேலைதான் ஜூன் க்ளீவர்.

இதைவிடத் தெளிவான உதாரணம் ‘ஆஸி அண்ட் ஹாரியட்’. 1952 முதல் 1966 வரை 14 சீசன், 435 பகுதிகள். நெல்சன் என்ற நிஜக் குடும்பமே, அப்பா, அம்மா, இரண்டு மகன்கள் என்று அந்தந்தப் பெயரிலேயே நடித்தது. ஆஸி என்ன வேலை பார்க்கிறார் என்று தொடரில் தெளிவாகச் சொன்னதே இல்லை. பார்க்கும்போதெல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வீட்டில் சாவகாசமாக இருப்பார். உண்மையில் அந்தத் தொடரைத் தயாரித்து, இயக்கி, எழுதியவர்களில் முதல் ஆள் அவர். ஓய்வொழிச்சல் இல்லாத உழைப்பாளி. இல்லத்தரசியாக வந்த ஹாரியட், தொடருக்கு முன்பே இசைக்குழுப் பாடகி, சினிமா நடிகை. ஹாட்பாயிண்ட் நிறுவனம் விளம்பரதாரராக இருந்த காலத்தில், அந்தச் சமையலறையில் நின்றபடியே அடுப்பும் ஃபிரிட்ஜும் விற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஆக, நாலு பேரும் வேலை பார்த்த ஒரு குடும்பம், யாரும் வேலை பார்க்காத ஒரு குடும்பத்தைக் காட்டிச் சம்பாதித்தது. உங்கள் கணவரிடம் ஒன்றே ஒன்றைச் சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள். சிரித்துவிடுவார், சண்டையாகாது.

மறைத்தவை, மறைக்காதவை

அன்று ஒரு தொடருக்குப் பெரும்பாலும் ஒரே கம்பெனிதான் விளம்பரதாரர். ‘ஐ லவ் லூசி’க்கு சிகரெட் கம்பெனியான ஃபிலிப் மாரிஸ். சரக்கு விற்க வேண்டியவர், பார்ப்பவர் முகம் சுளிக்கும் எதையும் விடமாட்டார். சேனலின் தணிக்கைக்காரர்களும் அப்படியே. லூசியாக நடித்தவர் நிஜமாகவே கர்ப்பமாக இருந்தபோதுகூட அந்தச் சொல்லை உச்சரிக்க அனுமதி கிடைக்கவில்லை. கணவன் மனைவிக்குத் தனித்தனிக் கட்டில். பீவரும் அண்ணனும் முதலைக்குட்டி வாங்கிக் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில் ஒளித்து வைக்கும் கதைக்கு அவ்வளவு தகராறு. கடைசியில் மேலே இருக்கும் தொட்டியை மட்டும் காட்டலாம், கீழே இருப்பதைக் காட்டக்கூடாது என்று சமாதானமானது. முதல் பகுதியாக வர வேண்டிய அந்தக் கதை இரண்டாவதாகப் போனது. 1971-ல் ‘ஆல் இன் த ஃபேமிலி’யில் கழிப்பறை ஃப்ளஷ் சத்தம் கேட்டதே பெரிய பேச்சு. இதே நாட்டில் 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வீடுகளில் முழுமையான குழாய், குளியல், கழிப்பறை வசதி கிடையாது. டிவி வீட்டில் கழிப்பறை இருந்தும் காட்டவில்லை. நிஜ வீடுகள் பலவற்றில் காட்ட ஒன்றுமே இல்லை.

ஆனால் ‘எல்லாமே பொய்’ என்று நீங்கள் எழுதியிருப்பதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பீவர் தொடரை உருவாக்கிய ஜோ கானலியும் பாப் மோஷரும் தங்கள் சொந்தப் பிள்ளைகள் செய்ததையும் பேசியதையும் எடுத்துக் கதையாக்கியவர்கள். அதனால்தான் அந்தப் பையன் பொய் சொல்லும் விதம், பயந்து ஒளியும் விதம், அண்ணனிடம் புலம்பும் விதம் எல்லாம் இன்றைக்கும் உங்கள் எட்டு வயது மகனுக்குச் சிரிப்பை வரவழைக்கின்றன. அவசரப்பட்டுத் திட்டிவிட்டு, பிறகு மகனிடம் தன் தப்பை ஒத்துக்கொள்ளும் அப்பாவும் அதில் உண்டு. 1960-ல் குடிப்பழக்கத்தைப் பற்றி ஒரு கதை, பெற்றோர் பிரிந்த சிறுவனைப் பற்றி ஒரு கதை என்று துணிந்து தொட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் மனசு அதில் நிஜம். வீட்டுக் கணக்கும் வீட்டு வேலையும்தான் நிஜமில்லை.

அந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்கும் இது தெரியாமலில்லை. ‘தி ஹனிமூனர்ஸ்’ தொடரின் 39 பகுதிகள் 1955–56-ல் வந்தவை. புரூக்ளினில் பஸ் டிரைவர் ரால்ஃபுக்கு வாரம் 62 டாலர் சம்பளம். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 3,224 டாலர். அன்றைய அமெரிக்கக் குடும்பத்தின் நடுநிலை வருமானம் ஏறக்குறைய 4,400. இரண்டு அறை வீடு, ஃபிரிட்ஜ் இல்லாமல் ஐஸ்கட்டி வைக்கும் பெட்டி, காசைப் பற்றியே ஓயாத வாக்குவாதம். அதுவும் அதே அமெரிக்காதான். கணவர் அதை ஏன் உதாரணம் காட்டுவதில்லை என்று கேட்டுப் பாருங்கள்!

ஒரு சம்பளம் போதுமாக இருந்ததா

சிலருக்கு, ஓரளவு. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944 சட்டத்தால் முன்பணம் இல்லாத வீட்டுக்கடன் கிடைத்தது. நியூயார்க் அருகே லெவிட்டவுனில் 1949-ல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். ஆனால் வீடு 800 சதுர அடி. 1950-ல் கட்டப்பட்ட புதுவீட்டின் சராசரியே 983 சதுர அடிதான். இன்றைய புதுவீடு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். க்ளீவர் குடும்பத்தின் மாடி வீடும் அப்பாவுக்கென்று தனிப் படிப்பறையும் அன்றைய நடுத்தரத்துக்கு மேலே. 1959-ல் அமெரிக்கர்களில் 22.4 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. 1960-ல், பள்ளி வயதுப் பிள்ளைகள் (6 முதல் 17) உள்ள மணமான தாய்மார்களில் 39 சதவீதம் பேர் வேலைச் சந்தையில் இருந்தார்கள். 1950-ல் வேலை பார்த்த கறுப்பினப் பெண்களில் பத்துக்கு நாலு பேர் அடுத்தவர் வீட்டில் வீட்டு வேலை செய்தவர்கள். அவர்கள் வீட்டில் ஆறு மணிக்குச் சாப்பாடு யார் வைத்தார்கள் என்பதை எந்த க்ளீவர் கதையும் சொல்லவில்லை.

இன்னொன்று, உங்கள் வீட்டுக்கே பொருந்துவது. லெவிட்டவுன் வீடுகள் ஆரம்பத்தில் வெள்ளையருக்கு மட்டுமே என்று ஒப்பந்தத்தில் எழுதியே கொடுக்கப்பட்டன. 1957-ல் இந்தியாவுக்கு அமெரிக்கா ஒதுக்கியிருந்த குடியேற்ற இடம் ஆண்டுக்கு 100. அந்தக் கதவு திறந்தது 1965 சட்டத்துக்குப் பிறகு. உங்கள் கணவர் ஏங்கும் அந்தத் தெருவில் உங்கள் மாமனார் மாமியாருக்கு வீடு கிடைத்திருக்காது.

அதற்காக அவருடைய ஏக்கத்தைக் கேலி செய்துவிடாதீர்கள். கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மாமனாருக்கு ஃபேக்டரி, மாமியாருக்கு முதியோர் இல்லத்தில் வேலை, ‘இவர் ஸ்கூல் விட்டு வந்து தானே கதவைத் திறந்து டிவி போட்டுக்கொள்வாராம்’ என்று. வேற்று நாட்டில், வெற்று வீட்டில், எட்டு வயதுப் பையன் டிவியைப் போட்டால் அங்கே ஓர் அம்மா கதவருகில் நிற்கிறாள். அவர் கேட்பது ஆறு மணிச் சாப்பாடா, தன் பிள்ளைகள் பூட்டிய வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பதா? இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. ஊகம்தான், அவரிடமே கேளுங்கள். இரண்டாவது என்றால், அதற்கு நீங்கள் வேலையை விட வேண்டிய அவசியமே இல்லை. மதிய ஷிஃப்ட் உள்ள அந்த மூன்று நாளில் மாலை 3.45-க்குப் பிள்ளைகள் வரும்போது வீட்டில் யார் இருப்பது என்பதைத் தீர்த்தால் போதும்.

இருபத்தாறு நிமிடச் சமாதானம்

சண்டை விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரம் போக ஒரு பகுதிக்குக் கிடைத்தது 25, 26 நிமிடம். அதற்குள் பிரச்சினை முளைத்து, முற்றி, தீர வேண்டும். மறுஒளிபரப்பில் எந்தப் பகுதியை எந்த வரிசையிலும் போடுவார்கள். ஆகவே ஒரு வாரத்துக் கோபம் அடுத்த வாரத்துக்கு மிஞ்சவே கூடாது. படுக்கும் முன் சமாதானம் என்பது குடும்பத்தின் குணமல்ல, வியாபாரத்தின் தேவை. ‘ஃபாதர் நோஸ் பெஸ்ட்’ தொடரில் எல்லாம் தெரிந்த அப்பாவாக வந்த ராபர்ட் யங், தன் குடிப்பழக்கத்தையும் மனச்சோர்வையும் பற்றிப் பின்னாளில் வெளிப்படையாகவே பேசினார். ‘ஐ லவ் லூசி’யில் தம்பதியராக நடித்த நிஜத் தம்பதியர் 1960-ல் விவாகரத்து செய்துகொண்டார்கள்.

தம்பதியரை நீண்டகாலம் ஆராய்ந்த ஜான் காட்மன், அவர்களுடைய சச்சரவுகளில் 69 சதவீதம் தீராமல் தொடர்பவை என்று கண்டார். அவற்றோடு எப்படிப் பேசி வாழ்வது என்பதுதான் கேள்வி. எனவே, தீராத சண்டை உள்ள வீடு கெட்டுப்போன வீடல்ல. ஆனால் இரண்டு மூன்று நாள் மௌனத்தை நான் ‘சகஜம்’ என்று சொல்லமாட்டேன். கோபத்தில் இதயம் படபடக்கும்போது பேச்சை நிறுத்துவது நல்லது. உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும். நிறுத்தும்போது திரும்பி வரும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள்: “இப்ப வேண்டாம், பிள்ளைங்க தூங்கின பிறகு ஒன்பதரைக்குப் பேசலாம்.” நேரம் சொல்லாமல் விலகினால் அது ஓய்வாக இல்லாமல் தண்டனையாகிவிடும். மறுநாளைத் தாண்ட விடாதீர்கள். பிள்ளைகள் முன்னால் சண்டை வந்திருந்தால், சமாதானமும் அவர்கள் கண்முன் நடக்கட்டும்; மூடிய அறைக்குள் நடக்கும் சமாதானம் அவர்களுக்குத் தெரியாது. உங்கள் மகள் கேட்டது இதைத்தான்.

வேலையை விடுவதற்கு முன்

உங்கள் கடிதத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று, வீடு அவர் பெயரில் இருப்பதால் உங்களுக்குப் பங்கில்லை என்பது. ஒஹாயோவில், திருமண காலத்தில் சேர்த்த சொத்து யார் பெயரில் இருந்தாலும் பொதுவாகத் திருமணச் சொத்துதான். பிரிவு என்று வந்தால் நீதிமன்றம் நியாயமாகப் பங்கிடும். அந்த நிலை வராமலே போகலாம். ஆனால் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற பயத்தோடு எந்த முடிவும் எடுக்காதீர்கள். இரண்டாவது, எப்போது வேண்டுமானாலும் வேலைக்குத் திரும்பலாம் என்பது. ஆய்வகப் பணியாளருக்கான உங்களுடைய ஏ.எஸ்.சி.பி. சான்றிதழை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 36 பயிற்சிப் புள்ளிகளோடு புதுப்பிக்க வேண்டும். வேலையில் இருந்தால் அவற்றைச் சேர்ப்பது எளிது. வீட்டில் இருந்தால் நீங்களே தேடிச் சேர்க்க வேண்டும். தவறவிட்டால் திரும்புவது சிரமம்.

அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டி கணக்கையும் பாருங்கள். உங்கள் சொந்த உழைப்பின் பேரில் ஓய்வூதியம் பெற 40 புள்ளிகள் வேண்டும். ஆண்டுக்கு நாலுக்கு மேல் சேராது. 2018-லிருந்து 2025 நடுப்பகுதி வரை என்றால் உங்களிடம் 30-ஐ ஒட்டி இருக்கும். இன்னும் இரண்டரை ஆண்டுதான். 2025 கணக்குப்படி ஒரு புள்ளிக்கு 1,810 டாலர் சம்பாதிக்க வேண்டியிருந்தது. அதாவது அந்த ஆண்டு 7,240 டாலர் வந்தாலே நாலும் கிடைத்துவிடும். கணவரின் கணக்கிலிருந்து மனைவிக்குரிய தொகை உண்டுதான். அது அதிகபட்சம் அவருடைய முழுத்தொகையில் பாதி. உடல் முடியாமல் போனால் கிடைக்கும் உதவிக்கு உங்கள் வயதில் கடைசி பத்தாண்டில் ஐந்தாண்டு உழைப்பு இருக்க வேண்டும். முற்றிலும் விட்டு ஐந்தாண்டு போனால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். குடும்ப மருத்துவக் காப்பீடு உங்கள் வேலையில் இருந்தால், விட்ட 30 நாளுக்குள் கணவருடைய திட்டத்தில் எல்லாரையும் சேர்த்தாக வேண்டும். அந்தத் தேதி போய்விட்டால் ஆண்டு இறுதிச் சேர்க்கை வரை காத்திருக்க நேரும்.

முழுதாக விடுவது, அப்படியே தொடர்வது என்ற இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. முதலில் பகல் ஷிஃப்ட் காலியாகும்போது உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள், வாய்வார்த்தை மறந்துபோகும். இல்லாவிட்டால் தேவைப்படும் நாளுக்கு மட்டும் போகும் பி.ஆர்.என். வேலைக்கு மாறலாம். காப்பீடும் விடுப்பும் பெரும்பாலும் கிடைக்காது. சான்றிதழும் புள்ளிகளும் கைவிட்டுப் போகாது. இரண்டும் முடியாதபோதுதான் விடுவதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் ஆறு மாதம் உங்கள் சம்பளத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டு, ஒரே சம்பளத்தில் வாழ்ந்து பாருங்கள். அந்த ஆறு மாதத்தில் கணவரே கணக்கு எழுதட்டும். விடுவதென்று முடிவானால், உங்கள் பெயரில் ஆண்டுதோறும் ஓய்வுக்காலக் கணக்கில் அவர் சம்பளத்திலிருந்து பணம் போடுவதையும் (2025-ல் உச்சவரம்பு 7,000 டாலராக இருந்தது) அதே பேச்சில் முடித்துக்கொள்ளுங்கள்.

பதினாலு நாள் நோட்டு

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன வேலை. சமையலறையில் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். நாலு பத்தி: என்ன வேலை, யார் நினைவு வைத்தது, யார் செய்தது, எத்தனை நிமிடம். மூன்றாவது பத்தியைவிட இரண்டாவது முக்கியம். பல் டாக்டர் தேதி, தீர்ந்துபோன பால், மகளின் புராஜெக்ட் அட்டை என்று தலையில் சுமப்பதுதான் டிவியில் சுத்தமாகக் காணாமல் போன வேலை. செய்யும்போதே எழுதுங்கள், இரவில் உட்கார்ந்து எழுதினால் இருவருமே தங்கள் பங்கைக் கூட்டிவிடுவீர்கள். பதினாலு நாள் முடியும்வரை அதை வைத்துப் பேசக்கூடாது. மூன்றாம் நாளே ‘பார்த்தீங்களா’ என்று தொடங்கினால் நோட்டு குற்றப்பத்திரிகையாகி, நாலாம் நாள் காணாமல் போகும்.

ஆறு மணிச் சாப்பாட்டுக்கும் வழி உண்டு. வாரத்தில் நாலு நாள் நீங்கள் இருக்கிறீர்கள், அது ஏற்கெனவே நடக்கிறது. மற்ற மூன்று நாளுக்கு ஞாயிறு காலையில் இரண்டு கப் துவரம்பருப்பை மஞ்சள் போட்டு வேகவைத்து மூன்று டப்பாவில் ஃப்ரீஸரில் வையுங்கள். சாம்பாராகவே வைத்தால் உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் உருக்குலைந்துவிடும்; பருப்பு மட்டும் போதும். முந்தின இரவே ஒரு டப்பாவை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும், மறந்தால் மறுநாள் ஆறு ஏழாகிவிடும். ஐந்தேகாலுக்குக் குக்கரில் அரிசி, இன்னொரு அடுப்பில் காய், புளி, பொடி, பருப்பு. எளிய சாம்பாருக்கு நாற்பது நிமிடம் தாராளம். செய்ய வேண்டியவர் கணவர். மகள் தட்டு வைக்கட்டும், மகன் தண்ணீர் வைக்கட்டும். உங்கள் ஆய்வக இடைவேளை ஆறு மணியை ஒட்டி வந்தால் பத்து நிமிடம் வீடியோவில் சேர்ந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் சாம்பாரில் உப்பு கூடும் குறையும். நீங்கள் இரவு 11 மணிக்கு வந்து அதைத் திருத்த வேண்டாம்.

ஞாயிறு மாலைத் தொடரை நிறுத்தச் சொல்லாதீர்கள். பீவரையே பாருங்கள், பிள்ளைகளோடு ஒரு விளையாட்டாக: இந்தக் காட்சியில் யாரோ செய்து முடித்துவிட்ட, நமக்குக் காட்டாத வேலை என்ன? இஸ்திரி போட்ட சட்டை, மின்னும் தரை, சூடான ரொட்டி என்று எட்டு வயதுப் பையன் பத்து சொல்வான். சில வாரம் கழித்து, 1988-ல் தொடங்கிய ‘ரோசன்’ தொடரின் முதல் சீசனிலிருந்து சில பகுதிகளைப் போடலாம். அம்மாவுக்குப் பிளாஸ்டிக் ஃபேக்டரி, அப்பாவுக்கு நிலையில்லாத கட்டுமான வேலை, கட்ட முடியாத பில்கள். பேச்சு கொஞ்சம் காரமாக இருக்கும். பிள்ளைகளுக்குப் போடுமுன் நீங்கள் இருவரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், முடிந்தால் ஷிஃப்ட் இல்லாத ஓர் இரவில், ஒன்றாக.